பம்பாய் டிராமில் ஒரு திருத்தணி மொட்டை

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் என் தலையைத்தான் வேண்டிக்கொள்வார்கள். அம்மாவுக்குக் கண் வலி வந்தால் என் தலை. மாடு காணாமல் போனால் என் தலை. மாடு தானாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும், வேண்டிக்கொண்டதால்தான் வந்தது என்று சொல்லி, அதற்கும் என் தலை. தலைக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்கிற வழக்கமே கிடையாது. நானும் கோபித்துக்கொள்ள முடியாது. திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய் பழக்கடை வைத்துப் பிழைக்கிறவன். கடைக்கு எதிரிலேயே முடியிறக்கும் கொட்டகை. போய் உட்கார்ந்தால், கன்னியப்பன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இன்னாண்ணா, இந்த வாட்டி யாருக்கு?" என்பான்.

இந்த வாட்டி நைனாவுக்கு. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவது. விஷ ஜுரம் கண்டு, கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். அரக்கோணத்து டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன அன்று, பம்பாயில் இருக்கும் என் தங்கை வேணிக்குத் தந்தி கொடுத்துவிட்டோம். கொடுத்திருக்கக் கூடாது. அவள் தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி, மாதம் நிறைந்தவள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள். கை கால் வீங்கிப்போய், ரயில் ஏறவே கூடாது என்று லேடி டாக்டர் தடுத்துவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டாள். தந்தியைக் கேட்டதும் மயங்கி விழுந்தாளாம். இன்னொரு தடவை இப்படி ஓர் அதிர்ச்சி வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்ததாக அவள் புருஷன் எழுதியிருந்தார்.

முருகன் கண் திறந்தான். ஜுரம் இறங்கியது. நைனா கஞ்சி கேட்டார்; அப்புறம் இட்லி கேட்டார்; அப்புறம் இட்லி சரியில்லை என்று சத்தம் போட்டார். பிழைத்துவிட்டார் என்பது அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு உறுதியாயிற்று. உடனே வேணிக்குச் சேதி சொல்ல வேண்டுமே! தந்தி ஆபீசுக்குப் புறப்பட்டவனை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"தந்திக்காரன் வாசல்ல வந்து நின்னாலே அந்தப் பொண்ணுக்கு உசிரு போயிடும்டா. உள்ள இன்னா எழுதிக்கீதுன்னா பாக்கப் போறா? நீயே போ. ஒன் மூஞ்சியப் பாத்தா தைரியம் வரும். போறதுக்கு முன்னால மலைக்குப் போயி வேண்டுதல முடிச்சிட்டுப் போ."

நானும் மலைக்குப் போனேன். கன்னியப்பன் தலையை வழித்தான். மீசையையும் எடுத்தான். குளித்து, சந்தனம் பூசி, சாமி பார்த்துவிட்டு, அம்மா கிளறித் தந்த பிரசவ லேகியத்தை ஜாடியோடு துணியில் கட்டி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஒரு நாளில் எத்தனையோ மொட்டைகளைப் பார்க்கிறவன் நான். எங்கள் ஊரில் குடுமியை விட மொட்டைதான் சாதாரணம். மொட்டை போட்டவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் என் அறிவை மழுங்கடித்துவிட்டது.

ரயில் என்றாலே எனக்குப் பயம். ஜாடி உடைந்துவிடுமோ, தூங்கிவிடுவேனோ, தூங்கினால் செருப்பு போய்விடுமோ என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். யுத்தம் முடிந்தும் ரயில் கூட்டம் முடியவில்லை. தலைக்குமேல் பெட்டிகள், காலுக்கடியில் ஆட்கள். குண்டக்கல் வரைக்கும் தெலுங்கு பேசி இடம் பிடித்தேன். அதற்குமேல் என் தெலுங்கும் செல்லவில்லை, தமிழும் செல்லவில்லை. கரி படிந்து சந்தனம் கறுத்துப்போனது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, குழாயில் தலையைக் காட்டி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆச்சரியம். ஷோலாப்பூரில் ஒரு மராட்டிக் குடும்பம் ஏறியது. பெரியவர் ஒருவர் என் தலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சட்டென்று எழுந்து, தன்னுடைய ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார்! வேண்டாம் என்றேன். தோளை அழுத்தி உட்கார வைத்தார். நம் ஊர்ப் பக்கம் பெற்ற மகனே இப்படி எழுந்திருக்க மாட்டானே என்று மனம் நெகிழ்ந்துபோனேன்.

ஆனால் அந்த நெகிழ்ச்சி கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அவர்கள் வீட்டில் ஏதோ நிச்சயதார்த்தம் முடிந்திருக்கிறது போலும். ஓர் அம்மாள் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து ரயில் பெட்டி முழுவதும் லட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாத பிச்சைக்காரனுக்குக்கூடக் கொடுத்தாள். என்னிடம் வந்தவள் நின்றாள்; கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்; கையைக் கூப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். எனக்கு நெய் வாசனை மட்டும்தான். பெரியவர் என் மடியில் இரண்டு வாழைப்பழத்தை வைத்தார். வாழைப்பழம்! கடை நிறைய வாழைத்தாரைத் தொங்கவிட்டிருப்பவனுக்கு வாழைப்பழம்! என்ன குற்றம் செய்தேன் என்று இரவெல்லாம் புழுங்கினேன்.

மறுநாள் காலையில் தாதர் வந்தது. வேணியின் புருஷன் ரங்கையா, தாதரில் இறங்கிவிட வேண்டும், கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகக் கூடாது என்று முன்பே எழுதியிருந்தார். எந்த ரயிலில் வருகிறேன் என்று நானும் ஒரு கார்டு போட்டுவிட்டு வந்திருந்தேன். அவசரத்தில் வருகிற ரயிலைத் தவிர அதில் வேறெதுவும் எழுதவில்லை. அவர் என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு பாவா. தாதருக்குப் பக்கத்தில் மாடுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, வீடும் அங்கேயேதான். பூர்வீகம் சித்தூர்ப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் பம்பாய். கல்யாணத்துக்கு ஒரே முறை எங்கள் ஊருக்கு வந்தவர்.

இறங்குவதற்காக எழுந்தேன். ஆனால் அந்த ஜன்னலோர இடம் வாசலுக்கு எதிர் மூலை. நடுவில் மூட்டைகள், கூடைகள், கூடையின்மேல் உட்கார்ந்திருந்த பெண்கள். ஜாடியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "சார், சார்" என்று முட்டுகிறேன். ஒரு முழம்கூட நகர முடியவில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்தால் பிளாட்பாரத்தில் பாவா! என்னைத் தேடிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். அந்தக் கை பாதியில் நின்றது. முகம் அப்படியே சுண்டிப்போயிற்று. வண்டி நகர ஆரம்பித்தது.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வந்துடறேன் பாவா! நீங்க போங்க!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே கையை வேறு ஆட்டினேன்.

இறங்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். நைனா சௌக்கியம் என்று இரண்டு வார்த்தை கத்தியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவில்லை.

கடைசி ஸ்டேஷனான போரிபந்தரில் இறக்கிவிட்டார்கள். அதை ஸ்டேஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராஜா அரண்மனைக்குள் ரயிலை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதுபோல் இருந்தது. பாவா பின்னாலேயே வந்துவிடுவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மலையில் காவடிக் கூட்டம் வரும். அன்றைக்கு ஒரு நாள் மூச்சுத் திணறும், மறுநாள் ஊர் காலியாகிவிடும். இங்கே தினமும் கிருத்திகை. அதிலும் யாரும் நின்று சாமி கும்பிடுவதில்லை. எல்லாரும் எங்கேயோ தீப்பிடித்ததுபோல் ஓடுகிறார்கள்.

வெளியே வந்தேன். டிராம்கள் மணியடித்துக்கொண்டு வரிசையாக வந்தன, போயின. சில டிராம்களுக்கு மாடி இருந்தது. "தாதர்? தாதர்?" என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டேன். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்து, ஒரு தூணைக் காட்டிவிட்டுப் போனார். அந்தத் தூணருகில் வந்து நின்ற டிராமில் ஏறிவிட்டேன். ஏறிய உடனே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வயதான ஓர் அம்மாள், போகிற போக்கில் என் தலையைத் தடவி, "ச்சு ச்சு" என்றாள். பம்பாய்க்காரர்கள் கல்மனசுக்காரர்கள் என்று யார் சொன்னது? நம் ஊர் ஜட்காக்காரன் இறங்கும்போதுகூட முறைத்துக்கொண்டுதானே இறக்குவான் என்று நினைத்துக்கொண்டேன்.

டிராம் போய்க்கொண்டே இருந்தது. பெரிய பெரிய கட்டடங்கள் போய், மரங்கள் வந்து, திடீரென்று பக்கத்தில் மீன் நாற்றம், பாய்மரங்கள், கடல். பாவா எழுதியதில் கடலே கிடையாது! கண்டக்டர் வந்து எல்லாரையும் இறங்கச் சொன்னார். "தாதர்?" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளப் போனவர், என் தலையைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். வந்த திசையைக் காட்டினார். தாதர் முழுக்க முழுக்க அந்தப் பக்கமாம்.

பசியில் கண் இருட்டியது. மூலையில் ஓர் ஈரானி டீக்கடை. கண்ணாடி மேசை, வளைந்த கால் நாற்காலி. டீ கேட்டேன். நாலு பேர் பெரிய வட்டமான கேக் ஒன்றை வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அதையே எனக்கும் என்று சைகை செய்தேன். கடைப்பையன் முதலாளியைப் பார்க்க, முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, வெண்ணெய்கூடத் தடவாத வெறும் ரொட்டியைக் கொடுத்தனுப்பினார். ஐயோ, இந்த ஊரில் இனிப்புத் தின்ன எனக்கு மட்டும் தடையா என்ன? ரொட்டியைத் தேயிலைத் தண்ணீரில் தோய்த்து விழுங்கிவிட்டு மறுபடியும் டிராம் ஏறினேன்.

இந்த முறை மாடிக்குப் போனேன், வழியாவது தெரியட்டும் என்று. மேலிருந்து பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் வேடிக்கை பார்க்கிற மனம் எங்கே இருக்கிறது? பாவா வீட்டுக்குப் போயிருப்பார், அண்ணன் எங்கே என்று வேணி கேட்பாள், தாதரில் இறங்காமல் போய்விட்டான் என்பார். அவள் கவலைப்படக் கூடாதே! கையில் ஜாடி, மனசில் அவள் வீங்கிய கால். போதாக்குறைக்கு, பாதி வழியில் டிராம் நின்றுவிட்டது. முன்னால் பார்த்தால் டிராமுக்கு முன்னால் டிராம், அதற்கு முன்னால் டிராம். கரண்ட் இல்லையாம்.

"தேவுடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று திரும்பினார். பெரிய முண்டாசு கட்டியவர். "நம்ம ஆளா நீ?" என்று தெலுங்கில் கேட்டார். தெலங்கானாப் பக்கத்துக்காரர், பெயர் எல்லய்யா, பருத்தி மில்லில் நெசவு. பாலைவனத்தில் தண்ணீர்ப் பந்தலைக் கண்டதுபோல் இருந்தது. திருத்தணி, தங்கை, மாடுங்கா என்று மடமடவென்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் தொடைமேல் கையை வைத்தார்.

"அப்பாவா, அம்மாவா?"

"இன்னா அப்பாவா அம்மாவா?"

"போனது யாரு?"

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் என் தலையைக் காட்டினார், மீசை இருந்த இடத்தைக் காட்டினார். "இந்த ஊர்ல பெத்தவங்க போனாத்தானப்பா இப்படி எடுப்பாங்க. அதான் எல்லாரும் எழுந்து எடம் குடுக்கறாங்க. துக்கத்துல இருக்கறவனுக்கு இனிப்பு குடுக்கறது பாவம்னு நெனைப்பாங்க."

லட்டு. கேக். தலையைத் தடவிய அம்மாள். பிளாட்பாரத்தில் பாதியில் நின்ற பாவாவின் கை. எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் மோதின. முருகா! அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் தலையைப் பார்த்து, நைனா போய்விட்டார் என்று நினைத்துவிட்டார். அந்த முகத்தோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார். நிறைமாதக்காரி எதிரில் போய் நின்றிருப்பார். சொல்லியும் இருப்பார். அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்றுதானே தந்தியை விட்டுவிட்டு என்னை அனுப்பினார்கள்? என் மூஞ்சியைப் பார்த்தால் தைரியம் வருமாம்! இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நானே தந்தியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

"நைனா உசிரோட கீறாரு! இட்லி துன்றாரு!" என்று தமிழில் கத்தினேன். டிராம் மாடியே திரும்பிப் பார்த்தது. எல்லய்யாவுக்குத் தெலுங்கில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "எழுந்திரு. இதை நம்பினா சாயந்தரம் வரைக்கும் இங்கேதான். எலக்ட்ரிக் வண்டியில போ" என்று இழுத்துக்கொண்டு இறங்கினார். சந்துக்குள் சந்தாக நடத்தி, பைக்குல்லா ஸ்டேஷனில் கொண்டுபோய்விட்டார். தாதருக்கு அடுத்தது மாடுங்கா என்று பாடம்போல் சொல்லிக் கொடுத்தார். என் துண்டை வாங்கி, தலையில் தன்னுடையதைப் போலவே முண்டாசாகக் கட்டிவிட்டார். "தலை ஆச்சு. மீசைக்குத்தான் நான் என்ன பண்ண?" என்றார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

எலக்ட்ரிக் வண்டி புகையும் இல்லாமல் கூப்பாடும் இல்லாமல் வந்து நின்றது. நிற்கிறதா போகிறதா என்று யோசிப்பதற்குள் பின்னாலிருந்த கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது. காலையில் கோட்டைவிட்ட தாதர் மறுபடியும் வந்தது. எல்லய்யா சொன்னபடி இறங்காமல் நின்றேன். அடுத்தது மாடுங்கா. வாசலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மாடுங்கா பலகை தெரிந்தது. பலகை வந்தது. பலகை போயே போய்விட்டது! வண்டி நிற்கவில்லை. ஒர்க்ஷாப் கூரைகள் கண்ணெதிரே ஓடின. அந்தக் கூரைகளுக்குப் பக்கத்தில்தான் என் தங்கை இருக்கிறாள். "நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். குதித்துவிடுவேனோ என்று இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விரைவு வண்டியாம் அது. சின்ன ஸ்டேஷனிலெல்லாம் நிற்காதாம். எங்கள் ஊர்ப் பக்கம் மணவூரில் நிற்காத வண்டி உண்டு, தெரியும். ஆனால் பட்டணத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு இந்தத் திமிர் உண்டென்று யார் கண்டார்கள்?

குர்லாவில் இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடி, வருகிற ஒவ்வொரு வண்டியிலும் "மாடுங்கா? நிக்குமா?" என்று ஜன்னலில் கேட்டுக் கேட்டு, கடைசியில் நிற்கிற வண்டி ஒன்றில் ஏறினேன். உட்கார முடியவில்லை. வேணி சின்னப் பெண்ணாக இருந்தபோது நைனாவுக்குத் தேள் கொட்டியது. அன்று முழுவதும் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் அவள். அவளிடம் போய் பாவா என்ன சொல்லியிருப்பார்? எனக்குப் பயத்தில் வியர்த்து முண்டாசு நனைந்துவிட்டது. முருகா, அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால், என்று வேண்டிக்கொள்ளப் போனேன். எதைத் தருவது? தலையில் ஒன்றும் மிச்சமில்லையே.

வெயில் சாய்கிற நேரத்துக்கு, பாவா குடியிருக்கும் சால் எது என்று கண்டுபிடித்தேன். சால் என்றால் ஒற்றை அறை வீடுகளை நீளமாக அடுக்கிய மாடிக் கட்டடம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நடைவழி. இரண்டாம் மாடி ஏறினேன். நடைவழி முழுக்கப் பெண்கள். புடவைத் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நைனாவைப் பிழைக்க வைத்துவிட்டு மகளைக் கொண்டுபோய்விட்டாயே, பாவி சாமி, என்று மனசுக்குள் வைதேன். அப்படியே தரையில் உட்காரப் போனவனுக்கு ஒரு வாசனை அடித்தது. நெய்யில் ரவையும் சர்க்கரையும் கிளறுகிற வாசனை.

"அழாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? எங்க நைனாக்கு ஒண்ணும் ஆவலைன்னு எத்தினி வாட்டி சொல்றது! மத் ரோ, மத் ரோ!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். வேணியின் குரல்!

எட்டிப் பார்த்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வீங்கிய காலை நீட்டி ஒரு மணைமேல் உட்கார்ந்து, அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரேஷன் சர்க்கரைப் பொட்டலம் காலியாகக் கிடந்தது. சுவரில் முருகன் படம். அதன் ஆணியில் மஞ்சள் துணியில் முடிந்து தொங்கிய காணிக்கைக் காசு.

என்னைப் பார்த்தாள். முதலில் முண்டாசைப் பார்த்தாள். எழுந்து வந்து அதைப் பிடித்து இழுத்தாள். வழுவழுவென்றிருந்த என் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நைனா எதுனா சாப்புடறாராண்ணா?"

"ஆங். சாப்புடறாரு. இட்லி கல்லு மாதிரி கீதுன்னு அம்மாகிட்ட சண்ட போட்டுகினு கீறாரு."

"நான் ஒன் தலையத்தான் வேண்டிக்கினேன். நைனா பொழைச்சா அண்ணனுக்கு மொட்டைன்னு அன்னிக்கே முடிஞ்சி வெச்சிட்டேன்" என்று ஆணியைக் காட்டினாள். அம்மா வேண்டியதும் அதே தலை, இவள் வேண்டியதும் அதே தலை. இவளுக்கு என் மொட்டை தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே! இது எனக்கு டிராமில் தோன்றவில்லை, ரயிலில் தோன்றவில்லை.

"அவரு ஓடி வந்து, அண்ணன் மொட்டையோட போறாருன்னு சொல்லி, பொம்பள மாதிரி அழறாரு. நான் கைதட்டிச் சிரிச்சேன். நைனா போயிருந்தா காரியம் முடியாத அண்ணன் எப்படி ஊர விட்டு வரும்னு கேட்டேன். எனக்கு புத்தி பெரண்டுபோச்சின்னு நெனச்சிகினு, இவங்கள எல்லாம் காவலுக்கு வெச்சிட்டு டாக்டரம்மாவ இட்டார ஓடினவரு இன்னும் திரும்பல." அதுவரைக்கும் கணீரென்று பேசியவளுக்கு அங்கே குரல் உடைந்தது. "ஆனா நீ வரவே இல்லியேண்ணா. மத்தியானமும் ஆயிடுச்சி. எல்லாரும் அழுதுகினே கீறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. கையை நிறுத்தினா நெசமாயிடுமோன்னு கிண்டிகினே இருந்தேன்."

சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

வாசலில் நின்ற பெண்களுக்கு அப்போதுதான் நிம்மதி. பாவம், இவ்வளவு நேரம் சித்தம் கலங்கிக் கிடந்த பெண் இப்போதாவது அழுகிறாளே என்று ஒருத்திக்கொருத்தி தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அழு, அழு, நன்றாக அழு என்று முதுகைத் தடவினார்கள். வேணி அழுகைக்கு நடுவே சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க அவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள்.

பாவா லேடி டாக்டரோடு படியேறி வந்தவர், என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நைனா சௌக்கியம் பாவா," என்றேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியதைச் சாயந்தரம் சொன்னேன். "இது வேண்டுதல்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "மீசை எதுக்கு மச்சான் எடுத்தீங்க?" என்றார். அவ்வளவு பாவமாக ஒரு மனிதர் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் திரும்பி, அந்தப் பெண்களுக்கு மராட்டியில் எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா வேணியின் நாடியைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார்.

வேணி கேசரியைக் கிண்ணங்களில் போட்டு நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. இன்னமும் நம்பிக்கை வரவில்லையோ, கூச்சமோ தெரியவில்லை. எல்லாரும் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர்களில் வயதான ஒருத்தி முன்னால் வந்தாள். முதல் கிண்ணத்தை எடுத்தாள். தன் விரலால் ஒரு வாய் எடுத்து, எனக்கு ஊட்டிவிட்டாள்.

அடி பிடித்த கேசரி அது. நாளெல்லாம் கிண்டிக் கிண்டிக் கருகியிருந்தது. நான் இன்னொரு வாய் கேட்டு வாங்கித் தின்றேன்.